கல் ஒட்டுமுன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

சென்ற இதழில் வீட்டு முகப்புகளைப் பற்றி எழுதியபோது, கார் ஷெட்டின் முன்பக்கத்துக்கு மட்டும் கல் ஒட்டினாலே வீட்டின் தோற்றம் மாறிவிடும் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்கு மட்டும் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. 27 ஆண்டுகளாகத் திருச்சியைச் சுற்றி வீடு கட்டிக் கொடுத்துவரும் பொறியாளர் நான். இந்த ஒரு வேலையில் நான் பார்த்த தவறுகள் அதிகம் என்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

*எங்கள் கார் ஷெட் வீட்டை ஒட்டி முன்புறத்தில் இருக்கிறது. கட்டி 8 ஆண்டுகள் ஆகின்றன. ஷட்டரின் இருபக்கத் தூண்களிலும், ஷட்டருக்கு மேலே உள்ள பீமின் முகப்பிலும் சாம்பல் நிற கிரானைட் துண்டுகளை ஒட்ட ஆசைப்படுகிறோம். பெயிண்டின் மேலேயே ஒட்டிவிடலாம், இப்போது நல்ல பசை வந்துவிட்டது என்கிறார் மேஸ்திரி. சரியா, மேடம்? – வாசகி, நாமக்கல்*

சரியில்லை அம்மா. ஒட்டவே கூடாது.

துறையூரில் என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2011ஆம் ஆண்டு. அவள் தன் கார் ஷெட் முகப்புக்குக் கல் ஒட்டியபோது நான் வேறு ஊரில் வேலையில் இருந்தேன். வந்து பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. நானும் பாராட்டினேன், தட்டிப் பார்க்கவில்லை. நவம்பர் மழையில் ஓர் இரவு, பாடப் புத்தகம் அளவுள்ள ஒரு கல் பீமிலிருந்து கழன்று, அவள் மகன் தினமும் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் விழுந்தது. நல்ல வேளை, இரவு.

மறுநாள் அந்தக் கல்லைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் சிமென்ட் சாந்து ஐந்து உருண்டைகளாக இருந்தது. நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று. ஒவ்வோர் உருண்டையின் மீதும் வான நீலத்தில் மெல்லிய தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கீறியபோது அவித்த முட்டையின் தோலைப் போல உரிந்து வந்தது. அது பழைய பெயிண்ட். கல்லும் சாந்தும் ஒன்றையொன்று விடவே இல்லை. பெயிண்ட்தான் சுவரை விட்டிருக்கிறது. உருண்டைகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில் மழைநீர் இறங்கித் தங்கி, பெயிண்டை ஊறவைத்துப் பெயர்த்துவிட்டது. அந்தக் கல் இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. வீட்டு முகப்புக்குக் கல் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் கையில் கொடுக்கிறேன்.

உங்கள் முகப்புக்குக் கணக்குப் போடுவோம். கிரானைட் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,700 கிலோ. 30 மி.மீ. கனமுள்ள கல் என்றால் சதுர அடிக்கு ஏழரை கிலோ. பீம் முகப்பு 12 அடி நீளம், 2 அடி உயரம் என்று வைத்தால் 24 சதுர அடி, அதாவது 180 கிலோ. நீங்கள் நடந்து போகிற, பிள்ளைகள் நின்று விளையாடுகிற இடத்துக்கு மேலே 180 கிலோ தொங்கப் போகிறது. எவ்வளவு விலை உயர்ந்த பசையாக இருந்தாலும், அது பிடித்துக்கொள்வது பெயிண்டை என்றால், பெயிண்டின் பிடிப்பு எவ்வளவோ அவ்வளவுதான் உங்கள் கல்லின் பிடிப்பு.

அதனால் முதல் வேலை, ஒரு சுத்தியலைத் திருப்பிப் பிடித்து மரக்கைப்பிடியால் சுவர் முழுவதும் தட்டுவது. உறுதியான இடத்தில் ‘ணக்’கென்று கேட்கும். பூச்சு சுவரை விட்டிருந்தால் பானையைத் தட்டுவது போல ‘டொப்’பென்று கேட்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். வட்டமிட்ட இடமெல்லாம் செங்கல் தெரியும்வரை உடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். மற்ற இடங்களில் பெயிண்டையும் அதற்கு அடியில் தேய்த்த பட்டி மாவையும் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, பூச்சின் மேல் நெருக்கமாகக் கொத்திவிட வேண்டும். கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். 8 ஆண்டு ஆன வீட்டில் பெரும்பாலும் இருக்கும். இரண்டு பக்கமும் ஆறு அங்குலம் படிகிற மாதிரி கோழிவலைக் கம்பி அடித்துப் பூசி, அந்தக் கோட்டின் மேல் கல் குறுக்கே போகாமல் அங்கே ஓர் இடைவெளி விட்டு, சிலிகான் போன்ற வளைந்து கொடுக்கும் பூச்சால் அடைக்கச் சொல்லுங்கள். விரிசலைக் கல்லால் மறைத்தால் அது கல்லையே பிளக்கும்.

தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சுவர் சாய்ந்திருந்தால் பூச்சிலேயே சரிசெய்துவிடுங்கள். பசையைத் தடிமனாகப் போட்டு மட்டம் பிடிக்கிற பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது, அது வேண்டாம். பசை மூட்டையில் எவ்வளவு கனம் போடலாம் என்று அச்சிட்டிருப்பார்கள், அதைத் தாண்டாதீர்கள். மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற தர எண்ணும், வெளிச்சுவருக்கும் கல்லுக்கும் ஏற்றது என்ற குறிப்பும் இருக்க வேண்டும். எஸ் 1 என்று எழுதியிருந்தால் அது சற்று வளைந்து கொடுக்கும் வகை. வெயிலில் விரிந்து சுருங்கும் முகப்புக்கு அதையே வாங்குங்கள்.

ஒட்டும் நாளில் நீங்கள் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் தவறில்லை. பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: சுவரில் பசையைத் தடவி, பல் வைத்த கரணையால் ஒரே திசையில் கோடு கோடாக இழுக்க வேண்டும். கல்லின் முதுகை ஈரத்துணியால் துடைத்து, அறுத்த தூள் போனபிறகு, அங்கும் மெல்லியதாகப் பசை தடவ வேண்டும். வைத்து அழுத்தும்போது அந்தக் கோடுகளுக்குக் குறுக்காகக் கல்லைச் சற்று நகர்த்தினால் கோடுகள் நசுங்கி, காற்று வெளியேறி, முழுப்பரப்பும் ஒட்டும். ஐந்து உருண்டை வைக்கிற கையைக் கண்டால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். நடுநடுவே ஒரு கல்லைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை படிந்திருக்க வேண்டும். நாமக்கல் வெயிலில் சுவரில் தடவிய பசை வேகமாகத் தோல் கட்டும். விரலால் தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் அதைச் சுரண்டிக் கீழே போட்டுவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும், தண்ணீர் தெளித்து உயிர் கொடுக்கப் பார்க்கக் கூடாது. முகப்பு கிழக்குப் பார்த்ததென்றால் பிற்பகலிலும், மேற்குப் பார்த்ததென்றால் காலையிலும் வேலை வையுங்கள்.

பீமுக்கு மட்டும் ஒரு படி மேலே போகச் சொல்வேன். தலைக்கு மேல் போகிற எந்தக் கல்லுக்கும் பசையோடு துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியும் வேண்டும், கல்லுக்குக் குறைந்தது இரண்டு. இது என் வேலைகளில் நான் விட்டுக்கொடுக்காத விதி. செலவு கூடும், மேஸ்திரி முணுமுணுப்பார். அந்தச் செலவு முடியாதென்றால் பீமில் பெயிண்டே இருக்கட்டும், தூண்களுக்கு மட்டும் கல் போடுங்கள். தூண் இரண்டும் கல், மேலே வெள்ளைப் பட்டை என்பதும் கண்ணுக்கு நன்றாகவே இருக்கும்.

கடைசியாக, தளம் போட்ட தரையிலிருந்து இரண்டு அங்குலம், மண் தரையென்றால் நான்கு அங்குலம் விட்டு முதல் வரிசையைத் தொடங்குங்கள். கல் தரையைத் தொட்டால் ஈரம் அதன் வழியே ஏறும், கறையானுக்கும் மறைவு கிடைக்கும். மேல் விளிம்பில், கல்லுக்கும் சுவருக்கும் நடுவே தண்ணீர் இறங்காதபடி சற்று வெளியே நீட்டிய ஒரு பட்டைக்கல் மூடியாக வர வேண்டும்.

*கடலூரில் கடற்கரைக்கு அரை கிலோமீட்டரில் எங்கள் வீடு. கார் ஷெட் முகப்புக்கு ராஜஸ்தான் மணற்கல் பிடித்திருக்கிறது. உப்புக்காற்றுக்குத் தாங்குமா? – வாசகர், கடலூர்*

எனக்கும் அந்தக் கல் பிடிக்கும். ஆனால் உங்கள் இடத்தில் போடச் சொல்ல மாட்டேன். மணற்கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. காற்றோடு வரும் உப்பு ஈரத்தில் கரைந்து உள்ளே போகும். வெயிலில் நீர் மட்டும் ஆவியாகிவிட, உப்பு உள்ளேயே படிகமாக வளர்ந்து கல்லின் தோலைச் செதில் செதிலாக உதிர்த்துவிடும். கடையிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கல்லின் மேல் ஒரு கரண்டி தண்ணீர் விடுங்கள். உடனே கறுத்து உறிஞ்சினால் அது கடலோரத்துக்கு ஆகாது. சற்று நேரம் திவலையாக நின்றால் பரவாயில்லை.

கருங்கல்லே உப்புக்குத் தப்பவில்லை என்பதற்கு உங்களுக்கு வடக்கே மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எடுப்பித்த அந்தக் கோயிலின் கடல் பார்த்த பக்கச் சிற்பங்கள் முகமே தெரியாமல் மழுங்கிப் போயிருக்கின்றன. காற்றையும் மணலையும் தடுக்கத்தான் அதைச் சுற்றிச் சவுக்கு வளர்த்தார்கள். ஆனால் அந்த மழுங்கல் 1,300 ஆண்டுக் கணக்கு. உங்கள் வீட்டுக்குச் சாம்பல் கிரானைட், தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய முகத்தோடு, போதும். கொக்கிகள் 316 வகை எஃகாக இருக்கட்டும். 304 வகை கடலோரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை குழாய்த் தண்ணீரால், போர் நீர் உப்பாக இருந்தால் நல்ல தண்ணீரால், முகப்பைக் கழுவிவிடுங்கள்.

*இயற்கைக் கல்லா, அச்சில் வார்த்த கல்லா? விலையிலும் எடையிலும் வார்த்த கல்லே மேல் என்கிறார் கடைக்காரர். – வாசகர், கோவை*

வார்த்த கல் என்பது சிமென்ட், எடை குறைந்த ஜல்லி, இரும்பு ஆக்சைடு நிறமிகள் கலந்து, உண்மைக் கல்லிலிருந்து எடுத்த அச்சில் ஊற்றுவது. எடை குறைவு என்பது உண்மை. பழைய சுவருக்கு அது ஒரு நல்ல காரணம். மூலைக்கென்றே ‘ட’ வடிவத்தில் வார்த்த துண்டுகள் கிடைப்பதும் வசதி; தூணைச் சுற்றி வரும்போது முழுக்கல் அடுக்கியது போலவே தெரியும். எப்போதும் மூலைத் துண்டுகளை முதலில் ஒட்டிவிட்டு நடுவை நோக்கி வர வேண்டும்.

வாங்கும் முன் ஒரு துண்டை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளேயும் நிறம் ஓடியிருந்தால் வாங்கலாம். மேலே மட்டும் சாயம், உள்ளே வெறும் சிமென்ட் நிறம் என்றால் கார்க் கதவு ஒருமுறை இடித்த இடம் ஆயுள் முழுக்க வெள்ளையாகத் தெரியும். இன்னொன்று, அச்சுகள் சிலவே என்பதால் ஒரே முகமுள்ள கற்கள் திரும்பத் திரும்ப வரும். நான்கைந்து பெட்டிகளை ஒன்றாகப் பிரித்துக் கலந்து தரையில் பரப்பி, பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

ஆனாலும் கேட்டதற்கு நேரான பதில்: சுவர் தாங்குமென்றால் நான் இயற்கைக் கல்லைத்தான் எடுப்பேன். மழையில் நனைந்த கிரானைட்டின் நிறம் வேறு எதிலும் வருவதில்லை.

*எங்கள் கார் ஷெட் வாசல் 8 அடி அகலம்தான். தூணின் நான்கு பக்கமும் கல் சுற்ற ஆசை. வண்டி இன்னோவா கிரிஸ்டா. – வாசகி, குரோம்பேட்டை, சென்னை*

8 அடி என்பது 244 செ.மீ. கல் 3, பசை 1 என்று பக்கத்துக்கு 4 செ.மீ. போனால் மிச்சம் 236. வண்டி அகலம் 183. இருபுறமும் 26 செ.மீ. வருகிறது, அதிலும் பக்கக் கண்ணாடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். கரடுமுரடான கல் என்றால் ஒவ்வொரு நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை உள்ளே விட வேண்டியிருக்கும். முன்முகத்துக்கு மட்டும் கல் போடுங்கள். வண்டி போகும் உள்முகம் வழவழப்பான பூச்சாகவே இருக்கட்டும். கல் முடியும் ஓரத்தைப் பட்டை தீட்டி வழித்துவிட்டால் கனம் தெரிந்தாலும் அழகாகவே இருக்கும். ஷட்டர் ஓடும் இரும்புச் சட்டத்தையும் மேலே உள்ள பெட்டியின் மூடியையும் கல் மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறைத்துவிட்டால், ஸ்பிரிங் மாற்ற வருகிறவர் உங்கள் கல்லை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும்.

*ஷட்டரிலேயே கல் ஒட்டலாமா? – வாசகர், ஈரோடு*

சுருளும் ஷட்டரில் முடியாது. ஆனால் திறந்து மூடும் இரும்புக் கதவு என்றால், ஸ்லேட் கல்லின் மெல்லிய ஏட்டைக் கண்ணாடி இழையோடு சேர்த்து உரித்தெடுத்த, ஏறக்குறைய 2 மி.மீ. கனமுள்ள தாள்கள் கிடைக்கின்றன. கதவின் கீல் அந்தக் கூடுதல் எடையைத் தாங்குமா என்று வெல்டிங் செய்கிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

*ஆறு மாதங்களுக்கு முன் கார் ஷெட் முகப்பில் கடப்பா கல் பட்டைகளை ஒட்டினோம். மழைக்குப்பின் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்கிறார்கள். – வாசகி, திருநெல்வேலி*

தயவுசெய்து ஊற்றாதீர்கள். கடப்பா ஒரு சுண்ணாம்புக்கல் வகை, ஆசிட் அதைத் தின்றுவிடும். நம்பிக்கை இல்லையென்றால் மிச்சமிருக்கும் துண்டில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு, சற்று நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். மெருகு போன வட்டம் தெரியும். எலுமிச்சைக்கே அப்படியென்றால் ஆசிட்டுக்கு என்ன ஆகும்?

பூத்திருப்பது உப்பு. சிமென்டிலும் மணலிலும் கலவைத் தண்ணீரிலும் இருந்த உப்பை மழைநீர் கரைத்து வெளியே கொண்டுவந்து, காயும்போது மேலே விட்டுப் போகிறது. நன்றாகக் காய்ந்த நாளில் தேங்காய் நார் பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்த்து, உதிர்ந்த பொடியைக் கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அதே உப்பு மறுபடி உள்ளே போகும். இரண்டு மூன்று முறை திரும்பப் பூக்கும், ஒவ்வொரு முறையும் குறையும். குறையவில்லையென்றால் தண்ணீர் எங்கிருந்தோ தொடர்ந்து உள்ளே இறங்குகிறது என்று பொருள். மேல் விளிம்பையும் மாடியின் மழைநீர்க் குழாயையும் பாருங்கள். பூப்பது நின்று சில வாரம் காய்ந்தபிறகு, கல்லுக்குள் ஊறி நீரை விலக்கும் சிலேன் வகைப் பூச்சு அடிக்கலாம். பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம், அது உள்ளே இருக்கும் ஈரத்தைச் சிறைவைத்துவிடும். கறுப்பு வெயிலில் சாம்பலாக வெளிறுவது கடப்பாவின் இயல்பு. அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

*தேவகோட்டையில் எங்கள் பாட்டனார் வீடு. முன்கட்டில் ஓர் அறையைக் கார் ஷெட்டாக மாற்றியிருக்கிறோம். சுண்ணாம்புச் சுவர். அதில் கல் ஒட்டலாமா? – வாசகர், தேவகோட்டை*

வேண்டாம் ஐயா. சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் சிமென்ட் பசையும் கல்லும் வந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கும். அந்தப் பூச்சுக்கு அவ்வளவு கனத்தைச் சுமக்கவும் தெம்பு கிடையாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் உங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துப் பழுது பார்த்து வெள்ளையடியுங்கள், அந்தச் சுவருக்கு அதைவிட நல்ல உடுப்பு கிடையாது.

*நான் பிளஸ் டூ படிக்கிறேன். என் அப்பா வீடுகளுக்குப் போய்க் கல் அறுத்து ஒட்டும் வேலை செய்கிறார். வீட்டுக்கு வரும்போது தலை முதல் கால் வரை வெள்ளையாக வருவார். இரவில் இருமுகிறார். கைக்குட்டை கட்டிக்கொள்வதாகச் சொல்கிறார். போதுமா? – வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்*

போதாது கண்ணு. இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

கிரானைட்டிலும் மணற்கல்லிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. உலர்ந்த கல்லை மெஷினில் அறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பறக்கும். அந்தத் தூள் கைக்குட்டையின் நூல்களுக்கு நடுவே எளிதாகப் புகுந்துவிடும். நுரையீரலில் தங்கி உண்டாக்கும் நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்தபின் அதைத் திருப்ப மருந்து இல்லை. அப்பாவை இந்த வாரமே அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போ. என்ன வேலை செய்கிறார், எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறார் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லச் சொல். சொல்லாவிட்டால் சாதாரண இருமல் என்று மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இருமல் வேறு காரணத்தாலும் இருக்கலாம், ஆகவே பயந்துவிடாதே. பார்த்துத் தெரிந்துகொள்வது முக்கியம்.

வேலையில் மாற வேண்டியது, கல்லை நனைத்தபடி அறுப்பது. பிளேடின் மேல் தண்ணீர் தொடர்ந்து சொட்டும்படி செய்தால் தூள் சேறாகிக் கீழே விழுந்துவிடும். தண்ணீரும் மின்சாரமும் சேர்கிற இடம் என்பதால், அந்த இணைப்பில் மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் கட்டாயம் இருக்க வேண்டும். முகத்துக்கு ‘என்-95’ (N95) கவசம், கன்னத்தோடு படிந்து உட்கார வேண்டும், தாடி இருந்தால் படியாது. வேலை முடிந்ததும் சட்டையை உதறக் கூடாது. அங்கேயே மாற்றி, நனைத்து, ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல். நீயும் அம்மாவும் அதை உலர்வாக உதறித் துவைக்க வேண்டாம்.

இதைப் படிக்கும் வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கார் ஷெட்டுக்குக் கல் அறுக்க வருகிறவருக்கு ஒரு வாளித் தண்ணீரும், சொட்டுவிட ஒரு குழாயும், நான் சொன்ன பிரேக்கர் உள்ள பிளக்கும் நீங்களே கொடுங்கள். நனைத்து அறுத்தால் வேலை சற்று மெதுவாகும். அதற்காக அரை நாள் கூலி கூடுதலாகக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.